பாடாமல் போன கத்தி

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மாட்டுங்காவில் மழை சற்று விட்டிருந்தது. வேங்கடசுப்ரமணியன் இரண்டாவது காப்பியை ஆற்றிக்கொண்டிருந்தபோது யாரோ கதவைத் தட்டினார்கள். ஒன்று, இரண்டு என்றல்ல, கட்டிடமே எழுந்து உட்காரும்படி ஏழெட்டுத் தட்டு. எதிர் வீட்டு நாணு கூடத் தலையை நீட்டிப் பார்த்தார்.

வாசலில் பூதத்தான் நின்றார். கிங்ஸ் சர்க்கிளில் சலூன் வைத்திருப்பவர். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பதினைந்து வருஷமாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் வேங்கடசுப்ரமணியனின் தாடை அவர் கையில்தான் இருந்து வந்தது. அப்படிப்பட்டவரின் கன்னத்தில் இரண்டு நாள் வெள்ளை முள் முளைத்திருந்தது. சவரக்கடைக்காரர் சவரம் செய்துகொள்ளாமல் வருவதென்றால் விஷயம் சின்னதல்ல என்று வேங்கடசுப்ரமணியன் உடனே முடிவு கட்டினார். அலமாரியிலிருந்து தம்முடைய நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டார்.

இன்ஷூரன்ஸ் ஆபீசிலிருந்து ஓய்வு பெற்றபின் அவருக்கு வாய்த்த சந்தோஷமான வேலை அது. அவர் மனைவி அகிலாண்டம் யுத்த காலத்தில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சேர்ந்து, இருபது வருஷம் காதில் குழாய் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். போன வருஷம், 1962-ல்தான், வேலையை விட்டாள். காணாமற்போன ரேஷன் கார்டிலிருந்து கைமாறிப் போன ஜாதகம் வரை அக்கம்பக்கத்தார் அவளிடம் கொண்டுவருவார்கள். அவள் கேட்டுக்கொள்வாள், இவர் எழுதிக்கொள்வார்.

"பூதத்தானுக்குக் காப்பி கலக்கறேன், சர்க்கரை ஜாஸ்தியா, கம்மியா?" என்று அகிலாண்டம் சமையலறையிலிருந்து கேட்டாள்.

பூதத்தான் பதில் சொல்லாமல் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், மனசு இங்கே இல்லை என்று எண்ணி, "ஜாஸ்தியாவே போடு" என்றார் வேங்கடசுப்ரமணியன்.

காப்பி வந்து, அகிலாண்டம் எதிரே உட்கார்ந்ததும் பூதத்தான் மடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலத்தை அவிழ்த்தார். கறுப்புக் கொம்புப் பிடி போட்ட சவரக்கத்தி ஒன்று உள்ளே இருந்தது.

"இது என் கத்தி இல்லம்மா. பிடி என்னுது. உள்ள இருக்கிற அலகு வேற. என் கத்தி பாடும். தோல்வார்ல தீட்டும்போதே கணீர்னு பாடும். அதைக் கேக்கதுக்குன்னே வந்து உக்காருத ஆளுக உண்டும். சாருக்குத் தெரியும்."

"தெரியும், தெரியும்" என்றார் வேங்கடசுப்ரமணியன்.

"நேத்து கடை லீவு. சாணை பிடிக்கலாம்னு தாராவிக்கு ஜெயினுலாப்தீன் பாய்கிட்ட நானே எடுத்துட்டுப் போனேன். கையில வாங்கினவரு, 'பூதத்தான், உம்ம கத்தி எங்கவே?'ங்காரு. எனக்கு உசுரே போயிட்டு."

"கடைசியா எப்போ அது உங்க கத்தியா இருந்தது?"

"ஞாயித்துக்கிழம சாயங்காலம். ஆறு மணிக்குக் கடைசி ஆளுக்குப் போட்டேன். நல்லாப் பாடிச்சு. மேசை டிராயர்ல வச்சேன். எங்கூட வேலை பாக்குத சிராஜ்தான் கடையைப் பூட்டினான். சாவி ராத்திரி அவன்கிட்ட இருக்கும். காலையில அவன்கிட்ட வாங்கித்தான் நான் கடையத் தொறந்து கத்தியை எடுத்தேன்." பூதத்தானின் குரல் உயர்ந்தது. "வேற யாரும்மா எடுத்திருக்க முடியும்? பாய் பட்டறையில இருந்து நேரா அவன் வீட்டுக்குப் போயிக் கேட்டேன். வாயே தொறக்கல. இது தெளியுற வரைக்கும் கடைக்கு வராதேன்னு சொல்லிட்டு வந்துட்டேன். அவன் சாமான் பெட்டி கூட கடையிலதான் கெடக்கு. எம் பொண்டாட்டி பேராச்சி போலீசுக்குப் போங்கா. எனக்கு மனசு வரல."

அகிலாண்டம் கத்தியைக் கையில் எடுத்துக் குனிந்து பார்த்தபடி மெதுவாக, "எத்தனை வருஷமா வச்சிண்டிருக்கேள் இந்தக் கத்தியை?" என்று கேட்டாள்.

"பதினோரு வருசம்மா. கூடப்பொறந்தவன் மாதிரில்லா வச்சிருந்தேன். என் மக கல்யாணத்துக்குப் பந்தல்ல நின்னு வேலை பாத்தவன்."

கத்தியைக் கேட்டால் ஆளைச் சொல்கிறாரே, மனசு முழுக்க சிராஜ்தான் இருக்கிறான் என்று வேங்கடசுப்ரமணியன் நெகிழ்ந்துபோனார். அகிலாண்டம் மட்டும் நிமிர்ந்து, பூதத்தானின் முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். அதே கேள்வியை மறுபடி கேட்கவில்லை.

கத்தியை அவளிடமே விட்டுவிட்டு அவர் போனபின் வேங்கடசுப்ரமணியன் நோட்டில் இரண்டு பெயர் எழுதினார். சிராஜ், ஜெயினுலாப்தீன். "பாய் கூட மாத்தியிருக்கலாம் இல்லையா? பேச்சுக் குடுத்துண்டே கையை மாத்திட்டா?"

"கடைசியா பூதத்தான் உங்களை எப்போ கீறினார்?" என்று கேட்டாள் அகிலாண்டம்.

"என்னையா? அவர் கையில ஒரு கீறல் பட்டதில்லை" என்றார் அவர், சற்று வேகமாக.

அகிலாண்டம் எழுந்தாள். உள்ளே போய் அவருடைய கைக்குட்டைகளை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிரித்துப் பார்த்தாள். பிறகு சுவரில் தொங்கிய காலண்டரில் விரல் வைத்து ஏதோ எண்ணினாள். இதற்கும் திருட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் 'கைக்குட்டை' என்று நோட்டில் எழுதி வைத்தார்.

மத்தியானம் இருவரும் தாராவிக்கு நடந்தார்கள். ஜெயினுலாப்தீனின் பட்டறை தோல் மண்டி வாசனை வீசும் சந்தின் முனையில் இருந்தது. சாணைச் சக்கரத்தை நிறுத்திவிட்டு அவர் எழுந்து நின்றார். கேள்வியைக் கேட்டதும் தட்டிலிருந்து மூன்று கத்திகளை எடுத்தார். மூன்றையும் விரித்து, நுனி அவர்களைப் பார்க்கும்படி பிடித்தார்.

"பக்கவாட்டுல பாத்தா எல்லாம் ஒரே கத்திதாம்மா. இப்படி மூக்குப் பக்கமா இருந்து பாக்கணும். இது ஆப்பு. முதுகுல இருந்து வாய் வரைக்கும் நேரா இறங்குது, குழிவே கிடையாது. கனமா இருக்கும், சத்தமே போடாது. எவ்வளவு மொரட்டுத் தாடியானாலும் அசையாமப் போகும். இது அரைக்குழி. ரெண்டு பக்கமும் கொஞ்சம் குழிச்சிருக்கு. இது முழுக்குழி. சக்கரத்துல குழிச்சுக் குழிச்சு அலகைக் காகிதமா ஆக்கிருப்பாங்க. பூதத்தான் கத்தி இந்த ஜாதி."

முழுக்குழிக் கத்தியின் வாயை அவர் கட்டைவிரல் நகத்தின்மேல் வைத்து இலேசாக அழுத்தினார். நகத்துக்கு மேலே அலகு ஒரு நூலிழை வளைந்து நிமிர்ந்தது. பிறகு ஆணியில் தொங்கிய தோல்வாரில் அதை இழுத்தார். மெல்லிய வெண்கலக் கிண்ணத்தைத் தட்டியதுபோல் ஓசை எழுந்தது.

"தாடையில வச்சாலும் இப்படித்தான், ஒவ்வொரு மயிருக்கும் பேசும். அந்தப் பேச்சைக் கேட்டுத்தான் கை போகணும். சத்தம் மாறினா அழுத்துறோம்னு அர்த்தம். அழுத்தினா அலகு வளைஞ்சு தோலைக் கடிச்சிடும். அரைக்குழி அப்படியில்ல. கொஞ்சம் அழுத்தினாலும் பொறுத்துக்கும். பூதத்தான் கொண்டுவந்தது நல்ல அரைக்குழிக் கத்தி. திருட்டுப் பய இவ்வளவு நல்ல கத்தியை வச்சிட்டா போவான்?"

அகிலாண்டம் துணியைப் பிரித்துக் கத்தியைக் காட்டினாள். "இந்த ஆணி புதுசா, பாய்?"

"பிடியைக் கழட்டி, இந்த அலகை மாட்டிப் புதுப் பித்தளை ஆணி அடிச்சிருக்கு. நான் அடிச்சதில்ல."

"ஞாயித்துக்கிழமை ராத்திரி அடிச்சதா இருக்குமா?"

ஜெயினுலாப்தீன் கத்தியை வாங்கிக் கண்ணருகே வைத்துக்கொண்டார். நகத்தால் ஆணித் தலையைச் சுரண்டினார். "இல்லம்மா, இருக்காது. பித்தளை கறுத்திருக்கு. ஆணி இடுக்குல சோப்பு நுரை காஞ்சு கெட்டியா நிக்குது. இருபது நாளாவது தண்ணியில புழங்கினாத்தான் இப்படி ஆகும். நேத்து நான் இதைக் கவனிக்கல."

வேங்கடசுப்ரமணியன் நோட்டில் 'ஆணி' என்று எழுதினார். "அப்போ பூதத்தான் பொய் சொல்றாரா? தன் கத்தியைத் தானே வித்துட்டு அந்தப் பையன் மேல பழி போடறாரா?" என்று வெளியே வந்ததும் கேட்டார். பதினைந்து வருஷம் கழுத்தை நீட்டிக் கொடுத்த ஆள் அப்படிப்பட்டவரா என்று நினைத்தபடி கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"பொய்யின்னு நான் சொல்லலையே" என்றாள் அகிலாண்டம்.

சிராஜின் வீடு இரண்டு சந்து தள்ளி இருந்தது. முப்பத்தைந்து வயதுக்காரன், மெலிந்த உடம்பு. அவர்களைக் கண்டதும் எழுந்து தகரப் பெட்டியின் மேல் பாய் விரித்து உட்காரச் சொன்னான். கேட்ட எதற்கும் ஒரே பதில்தான்.

"அண்ணாச்சி என்ன சொன்னாங்களோ அதுவே இருக்கட்டும்மா. நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

அடுப்பருகே இருந்த அவன் மனைவி சபுராவால் பொறுக்க முடியவில்லை. "ஏன் இருக்கணும்? காலிபீலி, ஒரு காரணமும் இல்லாம திருட்டுப் பட்டம் வாங்கிட்டு உக்காந்திருக்கீக. அம்மா, செம்பூர்ல பெரிய கடைக்காரரு ரெண்டு மாசமா இவுகளைக் கூப்பிடுதாரு. தனி நாற்காலி, தனி கண்ணாடி. அண்ணாச்சி ஒத்தையில கஷ்டப்படுவாகன்னு போகவே இல்ல. அப்படிப்பட்ட மனுசனா கத்தியைத் திருடுவாரு?"

"சபுரா, சும்மா இரு."

"ஒரே ஒரு கேள்வி, சிராஜ்" என்றாள் அகிலாண்டம். "உங்க பெட்டி கடையிலதானே இருக்கு? அதைத் திருப்பி வாங்கிக்க ஏன் போகலை?"

சிராஜ் தலையைக் குனிந்துகொண்டான். "அது அங்கேயே இருக்கட்டும்மா" என்றான். அவன் கண் கலங்கியிருந்ததை வேங்கடசுப்ரமணியன் பார்த்தார். நோட்டை மூடிப் பைக்குள் போட்டுவிட்டார். அன்று அதற்குமேல் எழுத அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, கூட்டம் இல்லாத நேரத்தில், பூதத்தானின் கடையில் நான்கு பேரும் கூடினார்கள். ரேடியோ தெருமுனை வரைக்கும் கேட்கும்படி பாடிக்கொண்டிருந்தது. வேங்கடசுப்ரமணியன் போய் அதை நிறுத்தினார். சிராஜ் வாசற்படியருகே நின்றான். பூதத்தான் அவன் பக்கம் திரும்பவில்லை. ஆனால் கண்ணாடிக்குள் அவனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

அகிலாண்டம் பூதத்தானுக்கு நேர் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வார்த்தைகளை நிறுத்தி, தெளிவாகப் பேசினாள்.

"கத்தி ஞாயித்துக்கிழமை மாறலை. பிள்ளையார் சதுர்த்தி கழிஞ்ச திங்கட்கிழமை, கடை லீவு அன்னிக்கு மாறியிருக்கு. இன்னியோட மூணு வாரத்துக்கு மேல ஆச்சு."

"அதெப்படிம்மா?" என்றார் பூதத்தான்.

"பித்தளை ஆணி கறுத்திருக்குன்னு பாய் காட்டினார். நாள் கணக்கை இவரோட கைக்குட்டை சொல்லித்து. ஆனி, ஆடி ரெண்டு மாசமா சவரம் முடிஞ்சு இவர் வந்தா கைக்குட்டையில ரத்தப் பொட்டு இருக்கும். உப்புத் தண்ணியில ஊற வச்சுத் தோய்ப்பேன். சதுர்த்திக்கு மறுவாரத்துலேருந்து ஒரு பொட்டு கிடையாது. இவர் என்கிட்ட ஒரு நாள் கூடச் சொல்லலை. கேட்டாலும் இல்லேன்னுட்டார்."

பூதத்தான் வேங்கடசுப்ரமணியனைப் பார்த்தார். "சார், நான் உங்களைக் கீறினேனா?"

வேங்கடசுப்ரமணியன் நெளிந்தார். "சின்னதுதான் பூதத்தான். கொசு கடிச்ச மாதிரி. அதைப் போய் உங்க கிட்ட சொல்லணுமா என்ன?"

"திருடறவன் கடைக்கு நஷ்டம் வைப்பான்" என்று அகிலாண்டம் தொடர்ந்தாள். "இங்கே கத்தி மாறினப்புறம் யாருக்கும் ரத்தம் வரலை. நல்ல கத்தி வாங்கி, உங்க கைக்குப் பழகின பிடியையே மாட்டி வச்சிருக்கா. கடைச் சாவி இருக்கறவர்தான் இதைச் செய்ய முடியும். நீங்க சிராஜைச் சந்தேகப்பட்டது சரி. ஆனா திருட்டுன்னு நெனச்சது தப்பு. வராதேன்னு சொன்ன கடையில பெட்டியை விட்டு வச்சிருக்கார் பாருங்கோ. திருடினவர் மொதல்ல அதைத்தானே எடுத்துண்டு போவார்? சிராஜ், திறக்கறேளா?"

சிராஜ் தயங்கினான். பிறகு மூலையிலிருந்த தன் பெட்டியைத் திறந்தான். சீப்புகளுக்கு அடியில், எண்ணெய் தடவிய மஸ்லின் துணிக்குள் பூதத்தானின் முழுக்குழி அலகு இருந்தது. வேறொரு பிடியில் மாட்டியிருந்தது. பம்பாய் மழையில் துளித் துரு கூட ஏறவில்லை.

"செம்பூர் அகதிக் கேம்ப்ல ஒரு கடையில அந்த அரைக்குழி கிடைச்சுது அண்ணாச்சி. அங்கேயே ஆணி அடிச்சு வாங்கினேன். உங்க கத்தியைக் கடையை விட்டு வெளிய கொண்டுபோனது அந்த ஒரு நாள்தான். சாயங்காலமே கொண்டாந்துட்டேன்."

"ஏம்ல? எதுக்கு இதெல்லாம்?"

சிராஜ் அகிலாண்டத்தைப் பார்த்தான். அகிலாண்டம்தான் பேசினாள். குரலைச் சற்றும் மாற்றவில்லை.

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சில இருபது வருஷம் காதில குழாய் மாட்டியிருந்தேன். எனக்கு இடது காது கேக்காது. மூணு வருஷமா. யார்கிட்டயும் சொன்னதில்லை. எதிர ஒக்காந்தா உதட்டைப் பாத்துச் சமாளிச்சுடுவேன். முதுகுக்குப் பின்னால கேட்டா தெரியாது. குனிஞ்சுண்டு கேட்டா, அவா என்ன கேட்டிருப்பான்னு ஊகிச்சு எதையாவது சொல்லிடுவேன். பூதத்தான், நேத்து குனிஞ்சுண்டு கத்தியைப் பத்திக் கேட்டேன், நீங்க சிராஜைப் பத்திச் சொன்னதும் எனக்கு என்னையே பாத்த மாதிரி இருந்தது."

வேங்கடசுப்ரமணியன் மனைவியைப் பார்த்தபடி நின்றார். அவருக்கு இது புதுச் செய்தி.

பூதத்தான் தம் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வைகாசியிலிருந்தே பாட்டு கேக்கலம்மா" என்றார். முதல் தடவையாக அவர் குரல் இறங்கியிருந்தது. "தீட்டும்போது பாடுதுன்னுதான் மனசு சொல்லும். இருபது வருசமாக் கேட்ட சத்தம்லா. அதனால ஞாயித்துக்கிழமையும் பாடிச்சுன்னு சொன்னேன். இந்தக் கத்தி வந்த பெறவு கையில ஒரு கனம் தெரிஞ்சுது. கைக்கும் வயசாயிட்டு போலன்னு நெனச்சேன். காது போச்சு, கையும் போச்சுன்னா சவரக்காரன்கிட்ட என்ன இருக்கு? அதனால ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

"ஒரே மாசத்துல ஆறு பேரைக் கீறிட்டீங்க அண்ணாச்சி" என்றான் சிராஜ். "ரெண்டு பேர் எதிர்க் கடைக்குப் போயிட்டாங்க. பாட்டு கேக்காம அந்தக் கத்தியைப் பிடிச்சா கடிக்கத்தான செய்யும்? வேற கத்தி எடுங்கன்னா ஏன்னு கேப்பீங்க."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா?"

"எப்படிச் சொல்ல? உங்களுக்குக் காது கேக்கலன்னு நான் சொன்னா, அது மொதல்ல உங்களுக்குக் கேக்கணும்லா. கத்திச் சொன்னா தெருவே கேக்கும்."

பூதத்தான் அவனை முறைத்தார். பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று வேங்கடசுப்ரமணியனுக்கு முதலில் தெரியவில்லை. இரண்டும்தான் என்று பிறகு தெரிந்தது. சிராஜ் அருகே வந்து அவர் தோளில் துண்டைப் போட்டான்.

"வீட்டுக்கு வந்து திருட்டுப் பயலேன்னு சொல்லிட்டேன்ல. சபுரா முன்னாலயே சொல்லிட்டேன்."

"சொன்னீங்க. அவ முன்னாலயே வந்து இல்லன்னு சொல்லிருங்க. சாயங்காலம் மீன் குழம்பு வைக்கச் சொல்லுதேன்."

பூதத்தான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். மூன்று நாள் முள்ளைத் தடவிப் பார்த்துக்கொண்டு, பெட்டியிலிருந்த முழுக்குழிக் கத்தியைக் காட்டினார். "அதை எடுல. இனிமே அது உன் கத்தி. நான் அரைக்குழியிலயே போட்டுக்கிடுதேன். அதுவும் நல்ல கத்திதான், சார் கன்னத்தைப் பாத்தாலே தெரியுது. செம்பூர்க்காரனுக்கு ஆள் இல்லன்னு சொல்லிவிடு."

சிராஜ் தோல்வாரை இழுத்துப் பிடித்துக் கத்தியைத் தீட்டினான். கடை முழுக்க அந்த ஓசை நிறைந்தது. பூதத்தான் கண்ணாடியில் அவன் உதட்டைப் பார்த்தார்.

"பாடுதா?"

"பாடுது அண்ணாச்சி."

அவர் கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டினார்.

அகிலாண்டமும் வேங்கடசுப்ரமணியனும் வெளியே வந்தார்கள். கிங்ஸ் சர்க்கிள் பூங்காவைச் சுற்றிப் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. நடைபாதை ஈரமாயிருந்தது. கொஞ்ச தூரம் வரை வேங்கடசுப்ரமணியன் ஒன்றும் பேசவில்லை. அது அவருக்கு வழக்கமில்லை.

"கேஸுக்காகச் சொன்னதா, நெஜமா?" என்று கேட்டார்.

"என்ன?" என்றாள் அகிலாண்டம், முகத்தைத் திருப்பி.

அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது. "மூணு வருஷமா? என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா கவலைப்படுவேள். ராத்திரி தூங்க மாட்டேள். நீங்க கூடத்தான் ரெண்டு மாசம் ரத்தத்தைத் தொடச்சுண்டு வந்தேள், என்கிட்ட சொன்னேளா?"

சாலையைக் கடக்க இருவரும் நின்றார்கள்.

"நாளைக்குப் பூதத்தானை ஒரு காது டாக்டர்கிட்ட கூட்டிண்டு போறதா இருக்கேன். நீயும் வரே. மாட்டேன்னு சொல்லப்படாது."

"வரேன்."

"அப்போ இந்த மூணு வருஷமா நான் சொன்னதுல பாதி உனக்குக் கேக்கவே இல்லையா?"

"கேட்ட பாதியே போறுமா இருந்தது" என்றாள் அவள்.

பஸ் ஒன்று கடந்து போயிற்று. வேங்கடசுப்ரமணியன் அவளுக்குப் பின்னால் சுற்றி வந்து வலது பக்கமாக நின்று கையைப் பற்றிக்கொண்டார். சாலையைக் கடந்ததும், ஜெயினுலாப்தீன் மேல் தமக்கு ஏன் சந்தேகம் வந்தது என்பதை ஆதியோடந்தமாகச் சொல்ல ஆரம்பித்தார். வீடு வந்து சேரும் வரைக்கும் அவள் எல்லாவற்றையும் கேட்டாள்.